பெட்டி ஒரிஜினல், சாமான்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரிஜினல் சாமானைத் தவிர வேறெதையும் பூட்டக் கூடாது என்று வாழைச்சேனை வாசகர் ஒருவர் கடந்த வாரக் கடிதப் பகுதியில் அடித்துச் சொல்லியிருந்தார். ஏமாந்தவரின் கோபம் அது, எனக்கு விளங்குகிறது. ஆனால் அவர் சொல்கிற அந்த "ஒரிஜினல்" எது? எங்கள் பக்கத்துக் கடைகளில் அந்தச் சொல்லுக்கு நாலைந்து பொருள் உண்டு.

என்னிடம் இருப்பது 1996ஆம் ஆண்டு டொயோட்டா கொரோல்லா 110, டீசல். 2009இல் வாங்கினேன். மாற்றிவிட்டுப் புதிதாக ஒன்று எடுப்போம் என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டிருந்தபோதே 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றுபோனது. 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபதுக்கு ஏறியது. 2025 பெப்ரவரியில் மறுபடி கார் வரத் தொடங்கியது உண்மைதான், அந்த விலைக்கும் என் ஓய்வூதியத்துக்கும் எந்த உறவும் இல்லை. ஆகவே இந்தக் கிழவியோடுதான் மிச்சக் காலம்.

முதலில் ஒயில் ஃபில்டர் கதை. கம்பனிப் பெயர் போட்ட பெட்டி, மேலே மினுங்கும் ஸ்டிக்கர், ஒரிஜினல் விலை. பூட்டி ஒரு வாரத்தில், காலையில் ஸ்டார்ட் பண்ணினால் முதல் சில விநாடிக்கு உரலில் கல்லைப் போட்டு இடித்தாற்போல் சத்தம். ஒயில் விளக்கும் அணையத் தாமதித்தது. கராஜ் தம்பி அதைக் கழற்றி, இரும்பு வாளால் வட்டமாக அறுத்துக் காட்டினான். உள்ளே கடதாசி மடிப்பு எண்ணி எடுக்கலாம் போல இருந்தது. எஞ்சின் நின்றதும் ஒயில் கீழே வடிந்துவிடாமல் பிடித்து வைக்கிற ரப்பர் வளையம் ஒன்று இருக்க வேண்டும். இருந்தது, ஆனால் பிளாஸ்டிக் மாதிரி விறைத்துப்போய், ஓட்டையை மூடாமல். "சேர், பெட்டி ஒரிஜினல்தான். உள்ளுக்குக் கிடக்கிற சாமான்தான் ஒரிஜினல் இல்ல" என்றான். சிரித்தேன், வேறென்ன செய்வது. அதற்குப் பிறகு அவன் பூட்டியது கம்பனிப் பெட்டி அல்ல. பெயர் தெரிந்த ஒரு ஜப்பான் ஃபில்டர் தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டி. விலை பாதிக்குச் சற்று மேல். சத்தம் போன இடம் தெரியவில்லை.

வாழைச்சேனை வாசகர் கவனிக்க வேண்டியது இதைத்தான். டொயோட்டாவே தன் காருக்கு எல்லாவற்றையும் வார்ப்பதில்லை. மின் சாமான்களில் பெரும்பகுதி டென்சோவிடமிருந்து வருகிறது. அது 1949இல் டொயோட்டாவிலிருந்து பிரிந்து தனியாகப் போன கம்பனி. வோட்டர் பம்ப், கிளச் போன்றவற்றுக்கு ஐசின் என்ற கம்பனி இருக்கிறது. ஷொக் அப்சோபர் என்றால் கயாபா. இவர்களே தங்கள் சொந்தப் பெயரிலும் விற்கிறார்கள். கார்க் கம்பனியின் பெட்டியில் வந்தால் ஒரு விலை, செய்தவன் பெட்டியில் வந்தால் இன்னொரு விலை. இதைத் தெரியாமல் "ஒரிஜினல் மட்டும்" என்று நிற்பவர் பெட்டிக்குக் காசு கொடுக்கிறார்.

மலிவுதான் வழி என்று நான் சொல்லவரவில்லை. சொன்னால் என் மனைவியே மறுப்புக் கடிதம் எழுதுவா. மூன்று வருடத்துக்கு முன், தம்பி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, முன் பிரேக் பேட்டை ஆகக் குறைந்த விலையில் வாங்கிக் கொடுத்துப் பூட்டச் சொன்னவன் நான்தான். களுவாஞ்சிகுடிக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் ஓடும்வரை ஒரு குறையும் இல்லை, இந்தத் தட்டை நிலத்தில் பிரேக்குக்கு என்ன வேலை? பதுளைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போதுதான் தெரிந்தது. லுணுகலையிலிருந்து பிபிலைப் பக்கம் இறங்குகிற வளைவுகளில், நாலாவதோ ஐந்தாவதோ வளைவில் எரிந்த நாற்றம். பெடல் கல்லு மாதிரி உறுதியாக இருக்கிறது, கார் மட்டும் நிற்கவில்லை. செகண்ட் கியருக்கு இறக்கி, ஹான்ட் பிரேக்கையும் இழுத்து, ஒரு கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அரை மணித்தியாலம் ஆற விட்டோம். அந்த அரை மணித்தியாலத்தில் மனைவி பேசிய வார்த்தைகளை இங்கே எழுத இடம் போதாது. சூட்டில் பிடிமானத்தை விட்டுவிடும் பேட் அது. ஊருக்கு வந்த அன்றே கழற்றி எறிந்தேன்.

டைமிங் பெல்ட்டிலும் மலிவு பார்க்கக் கூடாது. பிஸ்டனின் ஓட்டத்தோடு வால்வு திறந்து மூடுவதை ஒத்துவைக்கிற வார் அது. டீசல் எஞ்சினில் அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் முட்டும், ஹெட்டையே கழற்ற வேண்டிவரும். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, பெல்ட் ஓடுகிற பெயரிங்குகளோடு சேர்த்து, நம்பிக்கையான சாமானாகப் போட்டுவிட வேண்டும். மகாஓயாவுக்கும் செங்கலடிக்கும் இடையில் இருட்டில் நின்றுபோனால் முதலில் விசாரிக்க வருவது யானையாகவும் இருக்கலாம்.

இனி "ஜப்பான் ஒரிஜினல்". கொழும்பில் கார்ச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் பார்சலாக வந்து இறங்குகிறதே, ஜப்பானில் உடைத்த கார்களின் பாவித்த சாமான், அதைத்தான் பலர் ஒரிஜினல் என்று நினைத்து வாங்குகிறார்கள். ஒரு விதத்தில் உண்மை, கம்பனி பூட்டிய சாமான்தான். ஹெட்லைட், கதவுக் கண்ணாடி, கியர் பெட்டி என்றால் நானும் அதையே தேடுவேன். தாய்வான் ஹெட்லைட் வாங்கிப் பார்த்தேன், பம்பருக்கும் அதற்கும் இடையில் விரல் போகிற இடைவெளி. ஆனால் புஷ், போல் ஜொயின்ட், ஷொக் அப்சோபர் எல்லாம் தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. இருபது வருடம் வேறொருவனுக்குக் கீழே தேய்ந்ததை, மேலே கறுப்பு மை அடித்துத் தந்தால் அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் என்ன? அதைவிடப் புதிய, பெயருள்ள வெளிச்சாமான், அதாவது கார்க் கம்பனியின் பெயரில் வராமல் வேறு தயாரிப்பாளரின் பெயரில் வருவது, மேல். பெட்டியே உடைக்காத கம்பனி ரப்பர்கூட, நம் ஊர் வெக்கையில் ஒரு கடைத் தட்டில் பத்துப் பதினைந்து வருடம் கிடந்தால் வெடித்துவிடும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், தெரியும்.

கல்லடி, பாசிக்குடாப் பக்கம் கடற்காற்றில் கார் விடுகிறவர்களுக்கு ரேடியேட்டரும் ஒரு தலையிடி. மெல்லிய தகடு போட்டு வருகிற மலிவு ரேடியேட்டரை உப்பு அரித்துவிடும். அதைப்பற்றி அங்குள்ளவர்கள்தான் விரிவாக எழுத வேண்டும்.

கடைக்காரர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். வெளிச்சாமானை வெளிச்சாமான் என்றே சொல்லி விற்றால் யார் வேண்டாம் என்கிறோம்? பில்லில் "பிரேக் பேட் 1" என்று மட்டும் கிறுக்காமல், எந்தக் கம்பனி, எந்த நாடு, புதிதா பாவித்ததா, இலக்கம் என்ன என்று எழுதித் தாருங்கள். டொயோட்டா சாமான் இலக்கத்தில் முதல் ஐந்து எண்ணும் சாமானின் வகையைச் சொல்லும். முன் பிரேக் பேட் 04465, டைமிங் பெல்ட் 13568. அடுத்த ஐந்தும் எந்த மொடலுக்கு என்று பிரிக்கும். அந்தப் பத்து எண்ணும் பில்லில் இருந்தால் பிறகு பேச ஒரு பிடி இருக்கும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை. தராவிட்டால் அந்த அதிகார சபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு ஓர் அழைப்பு எடுக்கலாம். முகத்தைப் பார்த்துப் பழகிய கடையில் பில் கேட்க நமக்கு வெட்கம். எனக்கும்தான், அந்த ஃபில்டருக்குப் பில் இல்லை.

கடைசியாக, வாழைச்சேனை வாசகருக்கு ஒரு வேண்டுகோள். 110க்கு இடதுபக்க ஹெட்லைட், பாவித்த ஜப்பான் சாமான், கண்ணாடி மஞ்சளிக்காதது, உங்கள் பக்கம் எங்காவது கண்ணில் பட்டால் இந்தப் பகுதியில் ஒரு வரி எழுதிப் போடுங்கள். அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன், காரில் அல்ல.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்,
களுவாஞ்சிகுடி.