கோரிக்கை மனு: ஆட்டுத்தொட்டியில் இடும் முத்திரை கறி வாங்குவோருக்கும் தெரிய வேண்டும்

அனுப்புநர்:
குடியிருப்போர்,
செம்மஞ்சேரி மற்றும் சுற்றுப்பகுதிகள்,
சென்னை 600119.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் கட்டடம்,
சென்னை 600003.

பொருள்: மாநகராட்சி ஆட்டுத்தொட்டியில் (ஆடு அறுக்கும் கூடத்தில்) சோதித்து முத்திரையிட்ட ஆட்டிறைச்சியைக் கடையில் பொதுமக்கள் அடையாளம் காண வழிசெய்தல், பழைய மாமல்லபுரம் சாலைப் பகுதிக்கு ஆட்டுத்தொட்டி அமைத்தல் – வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வெளிமாவட்டங்களிலிருந்து வந்து இப்பகுதியில் குடியேறியவர்கள். சொந்த ஊரில் கறிக்கடைக்காரர் எந்தச் சந்தையில் ஆடு பிடித்தார், எத்தனை மணிக்கு அறுத்தார் என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். கெட்ட கறியைக் கொடுத்தால் அடுத்த வாரம் அவர் அதே தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. சென்னையில் அப்படி யாரும் யாருக்கும் அறிமுகமில்லை. அந்த அறிமுகம் செய்துவந்த வேலையை இங்கே மாநகராட்சியின் முத்திரைதான் செய்ய வேண்டும். ஆனால் அந்த முத்திரை வாங்குபவர் கண்ணில் படுவதே இல்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இம்மனுவை அளிக்கிறோம்.

இது குறித்த விதிகளில் குறையொன்றும் இல்லை. 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகளின்படி, அறுப்பதற்கு முன் ஒவ்வொரு ஆட்டையும் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்றளிக்க வேண்டும்; அவசரத்தில் கண்துடைப்பாகிவிடக் கூடாது என்பதற்காகவே ஒரு மருத்துவர் மணிக்கு 12 விலங்குகளுக்கு மேலும், நாளொன்றுக்கு 96 விலங்குகளுக்கு மேலும் சோதிக்கக் கூடாதென்று அவ்விதிகள் வரம்பு கட்டியுள்ளன. சினையாக உள்ளதையும் மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டியையும் அறுக்கக் கூடாது. இத்தனையும் பார்த்து உரித்த உடலின் மேல் இடப்படும் மை முத்திரை, கடைக்கு வந்து துண்டு போடத் தொடங்கியதும் யாரோ ஒருவர் வாங்கிய தொடைக்கறியோடு போய்விடுகிறது. அதற்குப் பிறகு நெஞ்செலும்போ கொத்துக்கறியோ கேட்டு நிற்பவருக்கு, அது தொட்டியில் அறுத்த ஆடா, கடையின் பின்புறச் சந்தில் அறுத்த ஆடா என்று தெரிந்துகொள்ள எந்த வழியும் இல்லை.

ஆகவே மக்கள் தாங்களே சில சோதனைகளை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கறி இளஞ்சிவப்பாக இருக்கிறதா, கொழுப்பு வெளுப்பாக இருக்கிறதா, எலும்பு பருத்து முற்றிவிட்டதா என்று பார்க்கிறார்கள். வெள்ளாடுதான் என்று காட்டக் கடைக்காரர் சிலர் வாலை விட்டுவைத்துத் தொங்கவிடுகிறார்கள். அந்த வால் அந்த ஆட்டுக்கே உரியதுதானா என்று கேட்கும் துணிவு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எவருக்கும் வருவதில்லை. கிலோ ஆயிரம் ரூபாயை நெருங்கிவிட்ட ஒரு பொருளை இவ்வாறு ஊகத்தின் பேரில் வாங்க வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது.

இந்த நிலை நேர்மையான வியாபாரிகளுக்கும் கேடுதான். 2018 நவம்பரில் ஜோத்பூரிலிருந்து ரயிலில் எழும்பூருக்கு வந்த ஏறத்தாழ 2,000 கிலோ இறைச்சி கைப்பற்றப்பட்டபோது, அது நாய்க்கறி என்ற பேச்சு நகரமெங்கும் பரவியதையும், பின்னர் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வில் அது ஆட்டிறைச்சியே என்று உறுதியானதையும் தாங்கள் அறிவீர்கள். ஆய்வு முடிவு வருவதற்குள் அந்த ரயிலோடு எந்தத் தொடர்பும் இல்லாத கறிக்கடைகளும் பிரியாணிக் கடைகளும் வியாபாரம் இழந்தன. தம் கறி எங்கிருந்து வந்தது என்று காட்ட ஒரு சீட்டேனும் அன்று அவர்கள் கடையில் தொங்கியிருந்தால், வதந்தியை அவர்களே எதிர்கொண்டிருக்க முடியும்.

எங்கள் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்து 200 வார்டுகளானது. ஆட்டுத்தொட்டிகளோ பெரம்பூர், வில்லிவாக்கம், கள்ளிக்குப்பம், சைதாப்பேட்டை ஆகிய இடங்களில் உள்ளன. இவற்றுள் தென்பகுதிக்கு அண்மையில் இருப்பது சைதாப்பேட்டை ஒன்றே. அதுவும் செம்மஞ்சேரியிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். இரண்டு மூன்று ஆடு மட்டும் அறுக்கும் சிறு கடைக்காரர் விடியுமுன் அவற்றை ஏற்றிக்கொண்டு அங்கே போய், முறை வரும்வரை காத்திருந்து, அறுத்த உடல்களைத் திரும்பவும் வண்டி பிடித்துக் கொண்டுவர ஆகும் கூலியைக் கணக்கிட்டால், அவர் கடையோரத்திலேயே அறுத்துவிடுவதன் காரணம் விளங்கும். அது சரியென்று நாங்கள் சொல்லவில்லை. அவருக்கு அபராதம் விதிப்பதால் மட்டும் நிலைமை மாறாது என்கிறோம். சட்டப்படி நடப்பது அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆகவே, சோழிங்கநல்லூர் மண்டலத்தில் கால்நடை மருத்துவரும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வசதியும் கொண்ட ஓர் ஆட்டுத்தொட்டியை அமைத்துத் தரவும், அதற்குக் காலமாகுமெனில் அதுவரை சைதாப்பேட்டையிலிருந்து முத்திரையிட்ட இறைச்சியைக் குளிர்வண்டியில் இப்பகுதிக் கடைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் கொண்டுவந்து சேர்க்கவும் வேண்டுகிறோம்.

முத்திரையைப் பொறுத்தமட்டில் நாங்கள் கேட்பது பெருஞ்செலவு பிடிக்கும் ஏற்பாடு அன்று. கடைக்காரர் தொட்டியில் அறுத்துச் செல்லும்போது தேதி, நேரம், வெள்ளாடா செம்மறியா, எத்தனை உடல்கள் என்ற விவரங்களைக் கொண்ட ஒரு சீட்டை அவருக்கு வழங்கி, அன்று மாலைவரை அதைக் கடையின் முன்புறம் மாட்டிவைக்க ஆணையிட்டால் போதும். முத்திரை உள்ள பகுதியைக் கடைசியில் வெட்ட வேண்டும் என்றும் அறிவுறுத்தலாம். மேலும், உரிமம் பெற்ற இறைச்சிக் கடைகளின் பட்டியலை வார்டுவாரியாக மாநகராட்சி இணையதளத்திலும் வார்டு அலுவலகப் பலகையிலும் வெளியிட வேண்டும். இது நடைமுறைக்கு ஒவ்வாது என்று சொல்ல இடமில்லை. திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் கறிக்கடைகளை மூட வேண்டும் என்ற அறிவிப்பை ஒவ்வோர் ஆண்டும் கடைகளுக்குக் கொண்டுசேர்க்க முடிகிற நிர்வாகத்துக்கு, அதே கடைகளின் பட்டியலைப் பொதுமக்களுக்குக் காட்டுவது கடினமாக இராது.

அந்தச் சீட்டினால் வேறொரு நன்மையும் விளையும். விடியுமுன் அறுத்த கறி, வெயில் ஏறிய பின்பும் நண்பகல்வரை கொக்கியிலேயே தொங்குவதும், ஈயும் தெருப்புழுதியும் அதன்மேல் படிவதும் நாள்தோறும் காணும் காட்சி. இறைச்சியைக் குளிர்நிலையில் வைக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. ஆயினும் குளிர்பெட்டியில் வைத்த கறி என்றாலே முந்தாநாள் கறி என்று நம் மக்கள் முகம் சுளிப்பதால், பெட்டி வாங்கிய கடைக்காரர்கூட அதை மூடியே வைத்திருக்கிறார். இதில் கடைக்காரரை மட்டும் குறைசொல்ல முடியாது. அறுத்த நேரம் எழுத்தில் கண்முன் இருந்தால் இந்த ஐயம் தானே விலகும். குளிர்பெட்டிக்கும் மதிப்பு வரும்.

இறுதியாக, புகார் முறை பற்றி ஒன்று. முத்திரை மாநகராட்சியின் பொறுப்பு, கடைச் சுத்தம் உணவுப் பாதுகாப்புத் துறையின் பொறுப்பு, தராசு தொழிலாளர் துறையின் பொறுப்பு. அரைக் கிலோ கறியில் குறை கண்டவர் மூன்று அலுவலகங்களுக்கு அலைய மாட்டார். பேசாமல் கடையை மாற்றிக்கொள்வார். எனவே 1913 எண்ணுக்கு வரும் இறைச்சி தொடர்பான புகார்களை மாநகராட்சியே பெற்று உரிய துறைக்கு அனுப்பவும், விற்பனை மிகுந்த ஞாயிறு காலையிலும் தீபாவளியை ஒட்டிய நாட்களிலும் சுகாதார ஆய்வாளர்கள் கடைகளைப் பார்வையிடவும் ஆவன செய்ய வேண்டுகிறோம்.

இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும், ஆட்டுத்தொட்டிக்கான இடத்தேர்வின்போது குடியிருப்போரையும் சிறு கறிக்கடைக்காரர்களையும் அழைத்துக் கருத்துக் கேட்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செம்மஞ்சேரி மற்றும் சுற்றுப்பகுதிக் குடியிருப்போர்.