கோரை வேறு, புல் வேறு, சம்பு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், ஏரி ஒன்றைத் தூர்வாரும் பணியைப் பற்றிய செய்தியுடன் ஒரு புகைப்படம் வெளியாகியிருந்தது. 'ஏரியை ஆக்கிரமித்துள்ள கோரைப்புற்கள் அகற்றப்படுகின்றன' என்று அதன் கீழே அச்சிட்டிருந்தீர்கள். பொக்லைன் இயந்திரத்தின் வாயில் இருந்தது கோரையும் அன்று, புல்லும் அன்று. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, நுனியில் பழுப்பு நிறத்தில் உருண்டு திரண்ட கதிரைத் தாங்கி நின்ற அந்தச் செடி சம்பு. உண்மையான கோரை, அதே படத்தின் இடது ஓரத்தில், கரையடியில் முழங்கால் உயரத்துக்கு அடர்ந்து நின்றது. செய்தியின்படி இரண்டுமே ஒரே நாளில் வாரி அகற்றப்பட்டுவிட்டன. மேல்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் தாவரவியல் கற்பித்தவன் என்ற முறையில், இந்தப் பெயர்க் குழப்பம் வெறும் சொற்பிழையாக நின்றுவிடுவதில்லை, ஏரிக்கே கேடாக முடிகிறது என்பதைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

புல், கோரை, சம்பு ஆகிய மூன்றும் மூன்று தனித்தனிக் குடும்பங்களைச் சேர்ந்தவை. உலகில் புல் குடும்பத்தில் 11,000க்கும் மேற்பட்ட இனங்களும், கோரைக் குடும்பத்தில் 5,000க்கும் மேற்பட்ட இனங்களும் உள்ளன. சம்பு இனங்களோ சில பத்துகளுக்குள் அடங்கிவிடும். நெல், கரும்பு, மூங்கில், அறுகு, நாணல், வெட்டிவேர் யாவும் புல் குடும்பம். பாய் நெய்யும் கோரையும், எத்தனை முறை பிடுங்கினாலும் தோட்டத்தில் மீண்டும் தலைகாட்டும் கோரைக்கிழங்கும் கோரைக் குடும்பம். 'கோரைப்புல்' என்ற சொல் நம் பேச்சில் ஊறிப்போனது. பேச்சில் அதை யாரும் திருத்த வேண்டியதில்லை. ஆனால் எதை அகற்ற வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்று முடிவு செய்யும் பணி ஆணைகளிலும், அதை மக்களுக்கு எடுத்துச் சொல்லும் செய்திகளிலும் அந்த ஒரே சொல் எல்லாவற்றுக்கும் போதுமானதாகக் கொள்ளப்படும்போது, நீரில் பச்சையாகத் தெரிவதெல்லாம் களை என்றாகிவிடுகிறது.

இவற்றைப் பிரித்தறிய நுண்ணோக்கி வேண்டியதில்லை. செடியின் பூந்தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து மெல்ல உருட்டிப் பாருங்கள். புல்லாக இருந்தால் வழுவழுவென்று உருளும். கோரையாக இருந்தால் மூன்று விளிம்புகள் விரலில் இடறும். பிளேடால் குறுக்கே வெட்டினால், புல்லின் தண்டு கணுக்களுக்கு இடையில் பெரும்பாலும் குழலாக இருக்கும். கோரையின் தண்டு வெண்மையான உள்ளீடு நிறைந்த முக்கோணமாகத் தெரியும். மேலிருந்து நோக்கினால் புல்லின் இலைகள் எதிரெதிராக இரண்டு வரிசையிலும், கோரையின் இலைகள் மூன்று திசைகளிலும் விரிந்திருக்கும். இவை எல்லாவற்றையும்விட நான் மாணவர்களுக்கு விரும்பிக் காட்டியது, தண்டைச் சுற்றிப் பற்றியிருக்கும் இலையின் அடிப்பகுதியான இலையுறையைத்தான். புல்லில் அது இடுப்பில் சுற்றிய வேட்டியைப்போல் ஓரத்தின்மேல் ஓரமாகப் படிந்திருக்கும். நகத்தால் எளிதில் விலக்கிவிடலாம். கோரையில் அது சட்டைக் கையைப்போல் மூடிய குழாய்; விலக்க முயன்றால் கிழிந்துதான் போகும்.

இலை தண்டை விட்டு விலகும் அந்த மடிப்பு இன்னொரு செய்தியையும் சொல்லும். என் தாயார் எழுதப் படிக்கத் தெரியாதவர். நடவு முடிந்த வயலில் களை பறிக்கும்போது, நெல்லையும், நெல்லோடு ஒட்டிப் பிறந்ததுபோல் நிற்கும் குதிரைவாலி இனத்துக் களைப்புல்லையும் கண நேரத்தில் பிரித்து எடுப்பார். எப்படி என்று சிறுவனாக இருந்தபோது கேட்டேன். நெல்லின் இலையை விரலால் மெல்ல வளைத்து, மடிப்பில் நீட்டிக்கொண்டிருந்த மெல்லிய சவ்வைக் காட்டினார். பிறகு களைப்புல்லை வளைத்து, அந்த இடம் வெறுமையாக இருப்பதைக் காட்டினார். அந்தச் சவ்வுக்கு இலைநாக்கு என்று பெயர் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துக் கல்லூரியில் படித்தேன். அங்கே புதிதாகக் கற்றது பெயரை மட்டுமே.

மூன்று விளிம்பு என்ற ஒரே அடையாளத்தை நம்பினாலும் ஏமாற நேரும். ஏரியின் ஆழமில்லாத ஓரங்களில், பச்சைக் குச்சிகளைக் கொத்துக் கொத்தாக நட்டுவைத்ததுபோல் இலையே இல்லாமல் நிற்கும் எலியோகாரிஸ் என்ற பேரினமும் கோரைக் குடும்பம்தான். அதன் பல இனங்களின் தண்டு உருண்டையாக இருக்கும். நுனியில் ஒரே ஒரு சிறுகதிர் நிற்கும். அவற்றுள் ஓர் இனத்தின் தண்டை விரல்களுக்கு இடையில் அழுத்தி இழுத்தால், உள்ளே உள்ள குறுக்குத் தடுப்புகள் மணிமாலையைப் போல ஒவ்வொன்றாக நெருடும். இந்த இனத்தின் வளர்ப்பு வகை தரும் கிழங்கைத்தான் சீனர்கள் விரும்பி உண்கிறார்கள். நீலகிரி, பழனி மலைச் சதுப்புகளில் உருண்டைத் தண்டுடன் வளரும் ஜங்கஸ் என்பதோ முற்றிலும் வேறொரு குடும்பம். கைலென்ஸ் வழியாகப் பார்த்தால் அதன் பூ, ஆறு இதழ்கள் கொண்ட மிகச் சிறிய அல்லிப்பூவைப் போல இருக்கும். காய் வெடித்தால் பல விதைகள் உதிரும். கோரையிலோ ஒரு பூவுக்கு ஒரு சிறு கொட்டை மட்டுமே. சமவெளியில் வாழும் நாம் ஜங்கஸை அதிகம் காண்பதில்லை என்பதால், மொழிபெயர்ப்புகளில் அதையும் கோரை என்றே எழுதிவிடுகிறோம்.

சம்பை அறிவது எளிது. அதன் இலையை ஒடித்தால் உள்ளே காற்றறைகள் நிறைந்து பஞ்சுபோல் இருக்கும். கதிரின் மேற்பகுதி ஆண் பூக்கள், கீழே பழுப்பாகத் திரண்டிருப்பது பெண் பூக்கள். முற்றியதும் அது பஞ்சாகப் பிரிந்து, கணக்கில்லாத விதைகள் காற்றில் பறக்கும். எங்கள் பக்கத்தில் சம்பங்கோழி என்று அழைக்கும் நீர்க்கோழி மறைந்து வாழ்வதும், நீலத் தாழைக்கோழி இளந்தண்டைக் கொத்தித் தின்பதும் இந்தப் புதரில்தான். ஆகவே சம்பு முழுவதும் பகையன்று. அளவுக்கு மீறி அது ஏரியை அடைத்தால், பெரும்பாலும் எங்கிருந்தோ சாக்கடை வந்து கலக்கிறது என்று பொருள். அந்த வரத்தை அடைக்காமல் செடியை மட்டும் அகற்றுவது விழலுக்கு இறைத்த நீர்.

எங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஏரியில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். வரத்து வாய்க்கால் வந்து சேரும் இடத்தில் வண்டலைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்த கோரைத் திட்டும், கரையடியில் வேரால் மண்ணைப் பின்னி வைத்திருந்த நாணலும் கோரையும் ஒன்றுவிடாமல் சுரண்டப்பட்டன. சேற்றுக்குள் கிடையாக ஓடும் சம்பின் மட்டத்தண்டுகளோ இயந்திரப் பற்களில் துண்டு துண்டாகி, சேற்றோடு சேர்ந்து ஏரி முழுவதும் இறைக்கப்பட்டன. அந்த ஐப்பசியில் ஏரி நிரம்பியபோது அலை நேராகக் கரையில் மோதி, மதகுக்கு வடக்கே இரண்டு இடங்களில் மண் சரிந்தது. அடுத்த ஆண்டு, முன்பு ஓரமாக மட்டும் இருந்த சம்பு, இறைபட்ட துண்டுகளிலிருந்து ஏரியின் நடுவரைக்கும் முளைத்து நின்றது. காக்க வேண்டியதை அகற்றினோம். அகற்ற நினைத்ததை நாற்றுவிட்டோம். நீர் நிற்கும் காலத்தில் சம்பை, காய்ந்த இலைகள் உட்பட, நீர்மட்டத்துக்கு நன்கு கீழே அறுத்துவிட்டால், மட்டத்தண்டுக்குக் காற்று செல்லும் வழி அடைபட்டு அது அழுகிவிடும். அகற்றும் முறைகூடச் செடியை அறிந்தால்தான் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வயலிலும் இதே நிலைதான். கடையில் சென்று 'புல் மருந்து' என்று கேட்டு, புல் குடும்பத்துக் களைகளை மட்டும் கொல்லும் மருந்தை வாங்கித் தெளித்துவிட்டு, கோரை அப்படியே நிற்கிறதே என்று கவலைப்பட்ட உறவினர் எனக்கு உண்டு. மருந்தில் குறையில்லை, கோரை புல் அன்று என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதேபோல் வெங்காயத்தாமரையையும் ஆகாயத்தாமரையையும் ஒன்றாக்கி எழுதும் வழக்கமும் நம் செய்திகளில் இருக்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த வெங்காயத்தாமரையை அகற்றியே தீர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

அறிவு இல்லாமல் இந்தத் தவறு நேரவில்லை. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் பணியாற்றிய ரங்காச்சாரியார், தென்னிந்தியப் புற்களைப் பற்றிய கையேட்டைப் படங்களுடன் 1921இலேயே ஆங்கிலத்தில் வெளியிட்டார். அருட்தந்தை கே. எம். மேத்யூ, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரத் தொகுப்பகத்தில் இருந்தபடி, தமிழ்நாட்டுச் சமவெளியின் தாவரங்களைப் பல தொகுதிகளாக 1980களில் பதிவு செய்தார். அந்த உழைப்பெல்லாம் ஏரிக்கரையில் நிற்கும் மேற்பார்வையாளரின் கைக்கு வந்து சேரவில்லை. 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டின் ராம்சர் இடங்களின், அதாவது ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் பெற்றவையாக அறிவிக்கப்பட்ட ஈரநிலங்களின், எண்ணிக்கை 20 ஆனது. கரைவெட்டி ஏரியும் அவற்றுள் ஒன்று. ஆண்டுதோறும் பறவைகளை இனம் இனமாகப் பெயர் சொல்லி எண்ணுகிறோம், தங்கள் நாளிதழும் அதை மகிழ்ச்சியோடு வெளியிடுகிறது. அந்தப் பறவைகள் கூடு கட்டும் செடிகளுக்கு மட்டும் 'புல் பூண்டு' என்ற ஒரே பெயர் போதும் என்று எப்படி இருந்துவிட்டோம்?

நான் வாழும் முசிறிப் பகுதியில் காவிரிப் படுகையில் கோரை பயிராகவே விளைகிறது. அறுத்த கோரையைப் பச்சையாகவே கிழித்து வெயிலில் உலர்த்தும் பெண்களிடம் ஒரு தண்டைக் கொடுத்தால், அது பாய்க்கு ஆகுமா ஆகாதா என்பதைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். தாமிரபரணிக் கரையில் பத்தமடைப் பாய் நெய்வோரிடமும் இதே நுட்பம் உண்டு. ஏரியில் இயந்திரம் இறங்கும் முன், அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையினர் ஒருவரும், கோரை அறுத்துப் பழகியவர் ஒருவரும், ஆயக்கட்டு விவசாயி ஒருவரும் ஒரே ஒரு நாள் கரையைச் சுற்றி வந்து, என்னென்ன நிற்கிறது, எதை எவ்வளவு விட்டுவைப்பது என்று எழுதிக் கொடுக்கும் ஏற்பாட்டை அரசு கட்டாயமாக்க வேண்டும். இதற்குப் பெரும் செலவு ஆகாது. தங்கள் நாளிதழும் இத்தகைய படங்களை அச்சிடும் முன் செடியின் பெயரை ஒருமுறை உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

தை, மாசி மாதங்களில் ஏரி நீர் வற்றத் தொடங்கும்போது கோரைகள் பூத்திருக்கும். இனம் காண்பதற்கு ஏற்ற காலம் அது. தங்கள் செய்தியாளரும் புகைப்படக் கலைஞரும் ஒரு காலைப்பொழுது வர இயலுமானால், எங்கள் ஏரியின் தென்கரையில் மீந்திருக்கும் கோரைத் திட்டில், இங்கே எழுதிய அடையாளங்கள் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் காட்ட ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
முசிறி, திருச்சிராப்பள்ளி மாவட்டம்.