மிச்சம் பிடித்தால் மயக்கம் தெளிந்துவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறுவைச் சிகிச்சைச் செலவுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், மயக்க வாயுவில் சிக்கனம் பார்ப்பது நோயாளியின் உயிரோடு விளையாடுவதாகும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. மயக்கவியல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு அதைக் கண்டும் காணாமல் இருக்க முடியவில்லை.

நோயாளியை மயக்கத்தில் வைத்திருப்பது, ஆவியாகி மூச்சில் சேரும் மயக்க மருந்தான செவோஃப்ளுரேனின் செறிவுதானே தவிர, அதைச் சுமந்துவரும் வாயு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்பதல்ல. மயக்கத்தில் இருப்பவரின் உடலுக்கு நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர் ஆக்சிஜன் போதும்; 6 லிட்டர் வாயு திறந்துவிட்டால் அதில் பெரும்பகுதி, மருந்தையும் இழுத்துக்கொண்டு கழிவுக்குழாய் வழியே வெளியேறிவிடும். 2 சதவீதச் செறிவில் அப்படி ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 36 மில்லிலிட்டர் திரவ செவோஃப்ளுரேன் தீரும். தொடக்கத்தில் தாராளமாக விட்டு, பிறகு 1 லிட்டராகக் குறைத்தால் மணிக்கு 6 மில்லிலிட்டர்தான். ஆக்சிஜன் அளவையும் வெளிமூச்சில் வரும் மருந்தின் செறிவையும் காட்டும் மானிட்டர் உள்ள தியேட்டரில் இது பாடப்புத்தகம் சொல்லும் முறை. கட்டுரையாளருக்குத்தான் கஞ்சத்தனமாகப் படுகிறது.

உண்மையான கஞ்சத்தனத்தையும் பார்த்திருக்கிறேன். நான் பணியாற்றிய தனியார் மருத்துவமனை ஒன்றில் செவோஃப்ளுரேன் பாட்டில்களை மறுபேச்சின்றி வாங்கிய நிர்வாகம், நோயாளி விடும் மூச்சை மீண்டும் பயன்படுத்துவதற்காக அதிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைமுக்கு மட்டும் கணக்குக் கேட்டது. மாலையில் ஊதாவாகிச் செயலிழந்த குருணைகள், இரவு முழுவதும் சும்மா கிடந்தால் காலையில் மீண்டும் வெளுத்துத் தெரியும். டப்பாவை எட்டிப் பார்த்த கொள்முதல் அதிகாரி, “வெள்ளையாகத்தானே இருக்கிறது, டாக்டர்” என்றார். புதியது வரும்வரை, உறிஞ்சப்படாத கரியமில வாயுவை வெளியே தள்ள வாயுவை அதிகமாகத் திறந்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. சோடா லைமில் மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு காற்றில் போய், பில்லில் நோயாளி தலையில் விடிந்தது. இதைப் பற்றித் தங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தையும் இல்லை.

இதற்கு நான் வியப்படையவுமில்லை. அரிய அறுவைச் சிகிச்சை வெற்றியடைந்தால் தங்கள் இதழில் அறுவை மருத்துவரின் படம் வரும். நோயாளி இறந்தால் மட்டும், பிரேதப் பரிசோதனை முடிவதற்கு முன்பே, ‘மயக்க மருந்து அதிகமானதால்’ என்று எழுதத் தங்கள் நிருபர்களுக்கு எங்கள் நினைவு வந்துவிடும். முன்பு இதைக் குறித்து நான் எழுதிய கடிதத்துக்கு இடம் கிடைக்கவில்லை. விளம்பரங்களின் நெருக்கடி எனக்குப் புரியாததல்ல.

அந்த ஒரு வரிக்கு அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கடைசிப் பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் வந்தாலும் ஆட்சேபமில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மயக்கவியல் மருத்துவர்,
தஞ்சாவூர்