டயர் ஏன் உருகாது? லேபில் காட்டினால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போகி நெருங்கினால் டயரை எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் கேட்டுக்கொள்கிறது, நீங்களும் செய்தி போடுகிறீர்கள். நல்லதுதான். ஆனால் உடைந்த பிளாஸ்டிக் குடத்தை உருக்கி வேறொன்று வார்க்கிற மாதிரி பழைய டயரை ஏன் உருக்கி வார்க்க முடியவில்லை என்று பிளஸ் டூ வேதியியல் படிக்கிற பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். "1839, சார்லஸ் குட்இயர், கந்தகம், வல்கனைசேஷன்" என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வராது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பலபடி (பாலிமர்), அதாவது நீளச் சங்கிலி மூலக்கூறுகளைப் பற்றிய பாடத்தில் கையால் தொட்டுப் பார்க்க நாம் எதையும் வைக்கவில்லை.

நான் குமரி மாவட்டத்தில் வேதியியல் ஆசிரியை. எங்கள் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற வீட்டுப் பிள்ளைகள் நிறைய. அவர்களிடம் சொன்னால் கந்தகம் சேர்க்காத பச்சை ரப்பர் ஷீட் ஒரு துண்டு வந்துவிடும். அதில் நகக்கண் அளவு வெட்டி ஒரு பாட்டிலிலும், தூக்கிப்போட்ட சைக்கிள் டியூபில் அதே அளவு வெட்டி இன்னொரு பாட்டிலிலும் போட்டு, இரண்டிலும் டர்பன்டைன் ஊற்றி மூடி, லேப் அலமாரியில் வைத்துவிட வேண்டியதுதான். சில நாளில் ஷீட் துண்டு ஊதி, ஓரமெல்லாம் கரைந்து பிசினாகிவிடும், கிட்டத்தட்ட பஞ்சர் கடை சொல்யூஷன். டியூப் துண்டும் ஊதும், ஆனால் கத்தரித்த மூலை கத்தரித்தபடியே இருக்கும், எடுத்துக் காயவைத்தால் பழையபடி சுருங்கிவிடும். பச்சை ரப்பரில் நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் இடியாப்பம் மாதிரி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றனவே தவிர ஒட்டியிருக்கவில்லை. கரைப்பான் உள்ளே புகுந்து பிரித்துவிடுகிறது. டியூபில் கந்தகம் அங்கங்கே சங்கிலிக்குச் சங்கிலி முடிச்சுப் போட்டிருக்கிறது. இந்த முடிச்சுதான் குறுக்குப் பிணைப்பு, கந்தகத்தால் அதைப் போடுவதுதான் வல்கனைசேஷன். சூடும் அந்த முடிச்சை மட்டும் அவிழ்த்து ரப்பரை உருக்காது, மேலே மேலே சூடாக்கினால் சங்கிலியே சிதைந்துவிடும். எரித்தால் அந்தக் கந்தகம்தான் கந்தக டை ஆக்ஸைடாக மூக்கைத் துளைக்கிறது. மென்மையான ரப்பருக்கு நூற்றுக்கு 1 முதல் 3 பங்கு கந்தகம் போதும், 30 பங்கு வரை ஏற்றினால் அதே ரப்பர் எபோனைட் என்ற கெட்டி ரப்பராகி, அதைக் கடைந்து பேனா செய்யலாம்.

இரண்டாவது சோதனை இன்னும் சுலபம். பாலிவினைல் ஆல்கஹால் என்ற, தண்ணீரில் கரையும் பாலிமர் தூளை 4 சதவீதக் கரைசலாக்கிக்கொள்ள வேண்டும் (தூளைப் பச்சைத் தண்ணீரில் தூவிக் கலக்கிவிட்டு அப்புறம் சூடேற்றுங்கள், வெந்நீரில் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும்). நாட்டு மருந்துக் கடை வெண்காரத்திலும் (போராக்ஸ்) 4 சதவீதக் கரைசல். முதல் கரைசலை 50 மில்லி வீதம் நாலு கப்பில் ஊற்றி, வெண்காரக் கரைசலை 2, 4, 6, 8 மில்லி என்று ஏற்றிக்கொண்டே போனால் முதல் கப் கொழகொழவென்று நிற்கும், கடைசிக் கப்பில் உள்ளதை உருட்டி எடுக்கலாம். உருண்டையை மேஜையில் வைத்துவிட்டு ஒரு நிமிஷத்தில் எவ்வளவு பரவுகிறது என்று ஸ்கேலில் அளக்கலாம், கீழே போட்டு எவ்வளவு துள்ளுகிறது என்று பார்க்கலாம், வரைபடம் போடலாம். மெதுவாக இழுத்தால் நீளும், வெடுக்கென்று இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும். எலுமிச்சைச் சாறு விட்டால் இளகி ஓடும், சமையல் சோடா போட்டால் திரும்ப இறுகும்! இங்கே சங்கிலிகளைப் பிடித்திருப்பது வெண்காரத்திலிருந்து வரும் போரேட் அயனி. அந்தப் பிடி விட்டு விட்டுப் பிடிக்கிற பிடி, கந்தகத்தின் பிடி அப்படியில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டால் குறுக்குப் பிணைப்பு பற்றி நான் பக்கம் பக்கமாக நோட்ஸ் கொடுக்க வேண்டியதில்லை.

"யூடியூப் ஸ்லைம் விளையாட்டுக்கு எதுக்கு டீச்சர் லேப்?" என்று ஒரு பெற்றோர் கேட்டார். அளவை மாற்றி மாற்றிப் போட்டு, அளந்து எழுதுகிறார்களே, அதற்குத்தான் லேப். மத்தியப் பாடத்திட்டத்தில் 2022இல் சுமைக் குறைப்பு என்று சொல்லிப் பிளஸ் டூ புத்தகத்திலிருந்து பாலிமர் பாடத்தையே எடுத்துவிட்டார்கள், அந்தக் கூத்தை என்ன சொல்ல.

ஜாக்கிரதையும் வேண்டும். வெண்காரம் வாய்க்குப் போகக் கூடாது, தொட்டால் கை கழுவ வேண்டும், டர்பன்டைன் பக்கத்தில் பர்னர் எரியக் கூடாது. சின்ன வகுப்புக்கு வெண்காரமே வேண்டாம், சோடியம் ஆல்ஜினேட் கரைசலைக் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டினால் அங்கேயே முத்து முத்தாகத் திரளும், அதுவும் குறுக்குப் பிணைப்புதான். ஆல்ஜினேட் எடுக்கிற கடற்பாசியோ ராமநாதபுரம் கடற்கரையிலேயே கிடைக்கிறது.

செய்முறைத் தேர்வு என்றால் டைட்ரேஷனும் கரிமச் சேர்மப் பகுப்பாய்வும்தான் என்று ஆகிவிட்டது. அவை இருக்கட்டும். அடுத்த முறை செய்முறைக் கையேட்டைத் திருத்தும்போது இந்த இரண்டு சோதனைகளையும் சேர்க்கும்படி பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். மதிப்பெண்ணோடு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் எந்தப் பள்ளியிலும் பாலிவினைல் ஆல்கஹால் வாங்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியை,
மார்த்தாண்டம்.