1948-க்கு முன்னாடியே கட்டுன நாடு

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயித்துக்கிழமை வந்த இஸ்ரேல் கட்டுரை படிச்சேன். 1897-ல யூதர்களுக்குன்னு ஒரு நாடு வேணும்னு ஸ்விட்சர்லாந்து பாசல்ல மாநாட்டைக் கூட்டுனாரு ஹெர்சல், 1948 மே 14 யூதத் தலைவர் பென் குரியன் அறிவிச்சாரு, நாடு வந்துருச்சுன்னு ஒரே தாவா தாவிட்டீங்க சார், நடுவுல அம்பது வருஷம் சும்மாவா இருந்தாங்க? 1920-லயே ஹிஸ்டாத்ருத் தொழிற்சங்கம், 1925-ல ஜெருசலேம்ல ஹீப்ரு யுனிவர்சிட்டி, அதுக்கும் முன்னாடி 1913-ல, இன்னும் திறக்கவே திறக்காத ஹைஃபா நகரத்து டெக்னியன் தொழில்நுட்பக் கல்லூரில பாடம் ஜெர்மன்லயா ஹீப்ருலயான்னு மத்த பள்ளிக்கூட வாத்தியாருங்க, பசங்க எல்லாம் ஸ்ட்ரைக்கே பண்ணாங்க, கடைசில ஹீப்ருதான் ஜெயிச்சுது. கொடியை விட இந்த மொழிதான் அந்த நாட்டுக்கு அஸ்திவாரம்னு நான் சொல்லுவேன்.

ஹைஃபாவுல ரெண்டு வருஷம் ஒரு வயசான பாட்டியைப் பாத்துக்குற வேலைல இருந்தேன். பேரனைத் திட்டுறது ஹீப்ருல, ராத்திரி முட்டி வலி வந்தா முனகுறது மட்டும் ஐரோப்பிய யூதர்களோட பழைய வீட்டு மொழியான இட்டிஷ்ல. அடுத்த வாரம் இந்த மொழிச் சண்டையைப் பத்தி அரைப் பக்கமாவது போடுங்க, கூடவே 1948-ல ஊரையும் வீட்டையும் இழந்த சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்களைப் பத்தியும் எழுதுங்க, உங்க கட்டுரைல அவங்களுக்குக் கிடைச்சது ஒத்தை வரி.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நாகர்கோவில்