அந்த அறிக்கையை வெளியிடுங்கள்: ஜனநாயகக் கட்சித் தேசியக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஜனநாயகக் கட்சித் தேசியக் குழுத் தலைவர் கென் மார்ட்டின் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். 2024 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஏன் தோற்றோம் என்று ஆராய நீங்கள்தான் ஏற்பாடு செய்தீர்கள். எல்லா மாநிலங்களிலும் கட்சிக்காரர்களைக் கேட்டு அறிக்கையும் தயாரித்தீர்கள். இப்போது, 2025 டிசம்பரில், அதை வெளியிடப் போவதில்லை என்கிறீர்கள். வெற்றிக்கு உதவாதது எதுவும் கவனத்தைத் திசைதிருப்பும் என்பது உங்கள் வாதம். இந்தக் கட்சிக்குத் தவறாமல் வாக்களித்து, கேட்டபோதெல்லாம் பணமும் அனுப்பிய ஒரு தமிழ் அமெரிக்கனாக இதை எழுதுகிறேன். எனக்கு அந்த வாதம் செரிக்கவில்லை.

நவம்பரில் வர்ஜீனியாவில் அபிகெயில் ஸ்பான்பெர்கரும் நியூ ஜெர்சியில் மிக்கி ஷெரிலும் ஆளுநர் தேர்தலில் வென்றார்கள். மகிழ்ச்சி. ஆனால் வெள்ளை மாளிகையில் எந்தக் கட்சி இருக்கிறதோ, அதற்கு எதிர்க்கட்சியிலிருந்து ஆளுநரைத் தேர்ந்தெடுப்பது 1977 முதல் வர்ஜீனியாவின் வழக்கம்; 2013 மட்டுமே விலக்கு. 2026 நவம்பரில் வரும் இடைக்காலத் தேர்தலும் அப்படித்தான். அதிபரின் கட்சி பிரதிநிதிகள் சபையில் இடங்களை இழப்பது எழுதாத விதி. 1936இல் நம் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் இரண்டே மாநிலங்களைப் பெற்று நொறுங்கிப்போன குடியரசுக் கட்சி, 1938இல் 81 இடங்களைக் கூடுதலாகப் பிடித்தது. ஒபாமா 2008இல் பெற்ற பெருவெற்றிக்கு இரண்டே ஆண்டுகளில் 63 இடங்கள் பறிபோயின. காக்கை உட்காரப் பனம்பழம் விழும். விழுந்ததை உங்கள் சாமர்த்தியக் கணக்கில் எழுதிக்கொள்வீர்களோ என்பதுதான் என் பயம்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2022இல் பெருந்தோல்வி வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. பிரதிநிதிகள் சபை சிறிய வித்தியாசத்தில் கைநழுவியது; செனட்டில் ஓரிடம் கூடவே செய்தது. உடனே கட்சித் தலைமைக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றிவிட்டது. பைடன் மீண்டும் நிற்க வேண்டுமா என்ற கேள்வியை உரக்கக் கேட்டவர்கள் துரோகிகளைப் போல நடத்தப்பட்டார்கள். 2024 உட்கட்சித் தேர்தல் பெயரளவில் நடந்தது. ஜூன் விவாத மேடையில் பைடன் தடுமாறியதை நாடே பார்த்த பிறகு, ஜூலை 21 அன்று அவர் விலகினார். ஆகஸ்ட் தொடக்கத்தில் மாநாட்டுப் பிரதிநிதிகள் இணையவழியில் வாக்களித்து கமலா ஹாரிஸை வேட்பாளராக்கினார்கள். அவருடைய தாய்வழிப் பூர்விக ஊரான துளசேந்திரபுரத்தில் அவருக்காகப் பூசை செய்த மக்களுக்கு இருந்த பங்கைவிட எனக்கு அந்தத் தேர்வில் பங்கு அதிகமில்லை.

தோல்வியின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிரம்புக்கு 312, ஹாரிஸுக்கு 226 என்ற தேர்வாளர் வாக்குக் கணக்கு (அதிபரை முடிவு செய்யும் மாநிலவாரிக் கணக்கு) பெரிதாகத் தெரிகிறது. நாடு முழுவதும் மக்கள் அளித்த வாக்குகளில் வித்தியாசம் ஒன்றரை சதவீதம்தான். 1984இல் நம் வேட்பாளர் மாண்டேல் மினசோட்டாவையும் தலைநகரையும் மட்டும் வென்றாரே, அதோடு இதை ஒப்பிடவே முடியாது. நூலிழையில் தோற்றோம் என்று இதைக் காட்டி ஆறுதல் சொல்பவர்கள் உங்கள் குழுவிலேயே இருப்பார்கள். அவர்களை டெக்சஸ் மாநிலத்தின் ஸ்டார் கவுண்டிக்கு (நம் ஊர் மாவட்டம் போன்றது) அனுப்புங்கள்.

ரியோ கிராண்டே நதிக்கரையில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஊர்கள் அவை. ஏறத்தாழ அனைவருமே லத்தீன் வம்சாவளியினர். 2016இல் ஹிலாரிக்கு அங்கே 79 சதவீத வாக்குகள். 2020இல் பைடனுக்கு 52. 2024இல் டிரம்ப் 57 சதவீதத்துக்கு மேல் பெற்றார். 1892க்குப் பிறகு அதிபர் தேர்தலில் அந்தக் கவுண்டியைக் குடியரசுக் கட்சி வென்றது இதுவே முதல் முறை. எட்டு ஆண்டுகளில் நடந்த இந்தச் சரிவை ஒரு வேட்பாளரின் குறை என்றோ, நூற்றேழு நாள் பிரசாரத்தின் அவசரம் என்றோ தள்ளிவிட முடியுமா? 2020 முடிவு வந்தபோதே மணி அடித்துவிட்டது. நாம் வென்றிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

மிசௌரியையும் பாருங்கள். அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், அம்மாநில மக்கள் கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பில் சேர்த்தார்கள்; குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக உயர்த்தினார்கள்; டிரம்பையும் பெரும் வித்தியாசத்தில் வெல்ல வைத்தார்கள். நம் கொள்கை வேண்டும், நாம் வேண்டாம் என்று சொன்ன அந்த வாக்காளர் ஏன் அப்படிச் சொன்னார்? அவரிடம் யாராவது கேட்டீர்களா? கேட்டிருந்தால், பதில் அந்த அறிக்கையில் இருக்க வேண்டும்.

வெளியிட்டால் எதிரிக்கு ஆயுதம் கிடைக்கும் என்பீர்கள். குடியரசுக் கட்சி 2012இல் தோற்றதும், ரீன்ஸ் பிரீபஸ் தலைமையில் 2013 மார்ச்சில் தன் ஆய்வறிக்கையைப் பகிரங்கமாகவே வெளியிட்டது. குடியேற்றச் சட்டத்தைச் சீர்திருத்துங்கள், லத்தீன் மக்களை அரவணையுங்கள் என்றது அது. டிரம்ப் நேர் எதிராகப் பேசி 2016இல் வென்றார். அதைக் காட்டி இத்தகைய அறிக்கைகள் வீண் என்று சிரிப்பவர்கள் உண்டு. நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். தலைமை தன் யோசனையை மேசைமேல் வைத்தது. தொண்டர்கள் அதை உட்கட்சித் தேர்தலில் தோற்கடித்தார்கள். அவர்கள் எடுத்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் முடிவு அவர்களுடையது. நமக்கு 2024இல் போட்டியும் இல்லை, இப்போது அறிக்கையும் இல்லை.

ஹாரிஸ் பிரசாரம் திரட்டிய பணம் நூறு கோடி டாலருக்கு மேல். அதில் எவ்வளவு தொலைக்காட்சி விளம்பரத்துக்குப் போனது, எந்த ஆலோசகர்கள் எவ்வளவு பெற்றார்கள், அவர்களில் யார் யார் 2026க்கும் அமர்த்தப்பட்டிருக்கிறார்கள் என்பதை அறிக்கை தொட்டிருக்கிறதா? மறைப்பதற்கு இதுதான் காரணமோ என்று சந்தேகப்பட எங்களுக்கு உரிமை உண்டு.

2028க்கான வேட்பாளர்கள், உட்கட்சித் தேர்தல் நெடுங்காலம் முதலில் நடந்துவந்த அயோவாவையும் நியூ ஹாம்ப்ஷயரையும் சுற்றத் தொடங்கும் முன் அந்த அறிக்கை முழுதாக எங்கள் கைக்கு வர வேண்டும். பேட்டி கொடுத்த சாதாரணத் தொண்டர்களின் பெயர்களை வேண்டுமானால் நீக்கிக்கொள்ளுங்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு தோற்றவர்களின் பெயர்கள் அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
பதிவு பெற்ற ஜனநாயகக் கட்சி வாக்காளன் ஒருவன்