நான்காம் டவுன்: அத்தானுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அத்தான்,

இன்று 2025 ஜனவரி 28. அமெரிக்கக் கால்பந்தில் நம் டெட்ராய்ட் லயன்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோவிடம் தோற்று ஓராண்டு ஆகிறது. இந்த மாதம் 18ஆம் தேதி வாஷிங்டனிடம் நம் மைதானத்திலேயே 45-31 என்று தோற்ற மறுநாள், சீசன் டிக்கெட் இரண்டையும் விட்டுவிடப் போவதாகக் குடும்பக் குழுவில் ஒற்றை வரி போட்டிருந்தீர்கள். அதற்கு அங்கேயே பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. தொலைபேசியில் பேசினால் நம் இருவருக்குமே குரல் உயர்ந்துவிடும். ஆகவே கடிதம் எழுதுகிறேன். பொதுவில் எழுதுவதற்கும் காரணம் உண்டு: சென்ற ஆண்டு இதே நாளில் நான் உங்களைப் பார்த்துச் சொன்ன சொல்லையும் நாலு பேர் முன்னிலையில்தான் சொன்னேன்.

அக்கா இதைப் படிப்பாள். அன்று உங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் நம்மோடு உட்கார்ந்து போட்டியைப் பார்த்த நண்பர்களும் படிப்பார்கள். எனவே ஆட்டம் முடிந்தபின் குளிரில் கார் அருகே நின்று நீங்கள் சொன்னதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதப் போவதில்லை. அது நமக்குள்ளேயே இருக்கட்டும். உள்ளே நடந்ததை எல்லாரும் பார்த்தார்கள். அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இடைவேளையில் 24-7. டெட்ராய்ட் லயன்ஸ் சூப்பர் பவுல் இறுதிப்போட்டி ஒன்றில் கூட ஆடியதில்லை என்ற வரலாறு முடிவுக்கு வர அரை ஆட்டம்தான் பாக்கி. அந்த முதல் பாதி முழுவதும் நீங்கள் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். அக்கா கொடுத்த காப்பி டம்ளர் உங்கள் இரண்டு கைகளுக்கு நடுவிலேயே ஆறிப்போனது. ஜேம்சன் வில்லியம்ஸ் 42 யார்டு ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டி முதல் டச் டவுனை எடுத்தபோது நாங்கள் எல்லாரும் எழுந்து குதித்தோம், நீங்கள் எழவில்லை. தட்டில் இருந்த வடையை உங்களைத் தொடவைக்க ஒருவராலும் முடியவில்லை.

பிறகு மூன்றாம் கால் பகுதி வந்தது. அவர்கள் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து, மூன்று புள்ளி தரும் ஒரு ஃபீல்ட் கோல் அடித்து 24-10 ஆக்கினார்கள். நாம் அவர்களுடைய 28ஆவது யார்டு வரை போய், இரண்டு யார்டு தேவைப்பட்ட நான்காம் டவுனில், அதாவது கடைசி முயற்சியில், உதைக்காமல் ஆடினோம். ஜோஷ் ரெனால்ட்ஸின் கைக்கு வந்த பந்து நழுவியது. அடுத்து அவர்களுடைய குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிபவர், பிராக் பர்டி எறிந்த நீண்ட பந்துக்கு நம்முடைய கிண்டில் வில்டர் சரியான இடத்தில்தான் நின்றார். பந்து அவர் கைகளுக்குள் புகுந்து, முகக் கம்பியில் பட்டு மேலே எழும்பி, கீழே விழுமுன் அவர்களுடைய பிராண்டன் ஐயுக்கிடம் சேர்ந்தது. 51 யார்டு. அறையில் இருந்த அத்தனை பேரும் அலறினோம்.

நீங்கள் அலறவில்லை, அத்தான். அன்று மாலை முதல்முறையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தீர்கள். தோள்கள் இறங்கின. ஆறிய காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தட்டை இழுத்து, வடையைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தீர்கள். "எனக்குத் தெரியும்," என்றீர்கள். அப்போது நாம் இன்னும் 14 புள்ளிகள் முன்னால் இருந்தோம். உங்கள் முகத்தில் நான் பார்த்தது கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. வெகுநேரம் தூக்கி நின்ற சுமையை யாரோ வந்து வாங்கிக்கொண்டது போன்ற நிம்மதி.

அந்த நிம்மதியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஐயுக் டச் டவுன் எடுத்து, நம் அடுத்த முயற்சியிலேயே நம் ஜமிர் கிப்ஸ் பந்தைத் தவறவிட்டு, 24-24 ஆனபோது, "மூன்று புள்ளியைக் கையில் வாங்கத் தெரியாதவனெல்லாம் என்ன கோச்?" என்று நீங்கள் கேட்டீர்கள். நான் திரும்பி, "உங்களுக்குத் தோற்றால்தான் நிம்மதி," என்றேன். உங்கள் நண்பர்கள் முன்னிலையில், உங்கள் வீட்டில், உங்கள் வயதுக்கு முன்னால் அதைச் சொன்னதற்காக வருந்துகிறேன். அக்காவின் முகம் மாறியதை நானும் பார்த்தேன். ஆனால் அந்தச் சொல்லில் இருந்த பொருளை இன்றுவரை என்னால் திரும்பப் பெற முடியவில்லை. இடத்துக்காக மன்னிப்புக் கேட்கிறேன். சொல்லுக்காகக் கேட்டால் பொய்யாகிவிடும்.

எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். நீங்கள் தாண்டிப் போய்விடலாம். பத்து யார்டு முன்னேற நான்கு முயற்சிகள் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். மூன்றில் முடியாவிட்டால் நான்காவதைப் பெரும்பாலான அணிகள் பணயம் வைப்பதில்லை. கம்பம் எட்டும் தூரத்தில் இருந்தால் மூன்று புள்ளிக்கு உதைக்கும், இல்லையென்றால் எதிரணியை முடிந்த அளவு பின்னுக்குத் தள்ளிப் பந்தை உதைத்துக் கொடுத்துவிடும். நம் கோச் டேன் கேம்பல் அந்த நான்காவதிலும் ஆடச் சொல்கிறவர். வென்றால் துணிவு என்பார்கள், தோற்றால் அகம்பாவம் என்பார்கள்.

2023 சீசனின் தொடக்கமே அப்படித்தான் இருந்தது. செப்டம்பர் 7, கேன்சஸ் சிட்டி, நடப்புச் சாம்பியனின் மைதானம். முதல் கால் பகுதியிலேயே, நம்முடைய 17ஆவது யார்டில், இரண்டு யார்டு தேவைப்பட்ட நான்காம் டவுனில், பந்தை உதைத்துக் கொடுப்பதுபோல் நின்றுவிட்டு ஓடி எடுத்தோம். அந்த நகர்வு அமோன்-ரா செயின்ட் பிரவுனின் டச் டவுனில் முடிந்தது. ஆட்டம் 21-20 என்று நமக்குக் கிடைத்தது. அன்றிரவு என்னை அழைத்து, "இந்த ஆளுக்குப் பயமே இல்லை," என்று சொன்னது நீங்கள்தான்.

நவம்பர் 12ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் சார்ஜர்ஸோடு 38-38 சமநிலை. இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம். அவர்களுடைய 26ஆவது யார்டு. நான்காம் டவுன், இரண்டு யார்டு. உதைத்து முன்னிலை பெற்றிருக்கலாம். ஆனால் மிச்ச நேரம் அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஹெர்பர்ட்டின் கைக்குப் போயிருக்கும். கேம்பல் ஆடச் சொன்னார். நம் குவார்ட்டர்பேக் காஃப் எறிந்ததை சாம் லபோர்ட்டா பிடித்தார். கடிகாரத்தைக் கரைத்துவிட்டு, கடைசி நொடியில் உதைத்து 41-38 என்று வென்றோம். அன்று நீங்கள் கைதட்டிய ஓசை எனக்கு நினைவிருக்கிறது. அதே யார்டுக் கணக்கு, அதே ஆள், அதே முடிவு. நவம்பரில் கைதட்டிய முடிவை ஜனவரியில் பந்து கையிலிருந்து நழுவியது என்பதற்காகப் பழிக்கலாமா? சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் சாண்டா கிளாரா மைதானத்தில் அந்த இடத்திலிருந்து உதைப்பது 46 யார்டு, நமக்காக உதைக்கும் மைக்கேல் பேட்ஜ்லி சீசனின் கடைசி வாரங்களில்தான் அந்தப் பொறுப்புக்கு வந்தவர், திறந்தவெளி மைதானம். கையில் வாங்க வேண்டிய மூன்று புள்ளி என்று ஒன்று அங்கே இருக்கவே இல்லை. ஆட்டத்துக்குப் பின், விமர்சனம் வரும் என்று தெரிந்தும், தன் முடிவுகளுக்காக வருந்தவில்லை என்றுதான் கேம்பல் சொன்னார். அந்த அணியை அங்கே கொண்டுவந்து சேர்த்த குணத்தை, அங்கே வந்தபின் கழற்றி வைக்கச் சொல்வது நியாயமில்லை.

இத்தனையும் உங்களுக்குத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும், ஏனென்றால் இந்த ஆட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். மிச்சிகன் வந்த புதிதில், ஊரில் பேசுவதற்கு ஆளில்லாமல் நான் தவித்த குளிர்காலத்தில், ஞாயிறு மதியங்களில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, யார் எங்கே ஓடுகிறார்கள் என்று பார்க்காதே, முன்வரிசையின் கால்களைப் பார் என்று சொல்லிக்கொடுத்தீர்கள். நம் முன்வரிசையின் பென்னே சூவெல் எதிராளியை நகர்த்தும்போது இன்றும் நான் பந்தைப் பார்ப்பதில்லை, அவர் கால்களைத்தான் பார்க்கிறேன். 1992 ஜனவரியில் பான்டியாக் சில்வர்டோமில் டல்லாஸை 38-6 என்று அடித்த நாளில் நீங்கள் அரங்கில் இருந்தீர்கள். அதன்பின் ப்ளே ஆஃப் எனும் நாக் அவுட் சுற்றுகளில் தொடர்ந்து ஒன்பது தோல்விகள். நம் நட்சத்திர ஓட்டக்காரர் பேரி சாண்டர்ஸ் 1999இல் ஓய்வு பெற்றதைச் சொல்லும்போது, வீட்டில் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டதைப் போலத்தான் நீங்கள் சொல்வீர்கள். 2008இல் பதினாறு ஆட்டங்களில் ஒன்றையும் வெல்லாத அணியைப் பார்க்க, நம் மைதானமான ஃபோர்ட் ஃபீல்டில் நடந்த எட்டுக்கும் தவறாமல் போனீர்கள். பாதி அரங்கு காலியாகக் கிடந்த நாள்களில்கூட மூன்றாம் கால் பகுதியில் எழுந்து வந்ததில்லை என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

அப்படிப்பட்ட உங்களோடு 2024 ஜனவரி 14 இரவு ஃபோர்ட் ஃபீல்டில் நின்றேன் என்பது என் பாக்கியம். நம்மிடம் பன்னிரண்டு சீசன் ஆடிய ஸ்டாஃபோர்ட் ராம்ஸின் குவார்ட்டர்பேக்காக எதிரில் நிற்க, அவருக்கு ஈடாக ராம்ஸ் நம்மிடம் தள்ளிவிட்ட ஜாரெட் காஃபின் பெயரை அரங்கமே சொல்லிச் சொல்லிக் கூவியது. 24-23 என்று முடிந்து, முப்பத்திரண்டு ஆண்டுகளில் முதல் ப்ளே ஆஃப் வெற்றி கிடைத்தபோது எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள், நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள், வெகுநேரம். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த ஓர் இரவுக்காக உங்களுக்கு நான் எதையும் மன்னிப்பேன் என்று அப்போது நினைத்தேன்.

இப்போது மன்னிக்க முடியவில்லை. ஒரு வெற்றியும் இல்லாத அணியோடு எட்டு ஆட்டமும் உட்கார்ந்திருந்தவர், பதினேழில் பதினைந்தை வென்ற அணியைவிட்டு எழுந்து போகிறீர்கள். அக்டோபரில் டல்லாஸில் நம் தடுப்பாட்டக்காரர் ஏய்டன் ஹட்சின்சனின் கால் முறிந்த பிறகும் தாங்கி நின்ற அணி இது. வாஷிங்டனிடம் ஐந்து முறை பந்தை இழந்தோம். அப்படி ஆடினால் எந்த அணியும் தோற்கும், அதில் மறைபொருள் ஒன்றும் இல்லை. நம் துணைப் பயிற்சியாளர்கள் பென் ஜான்சன் சிகாகோவுக்கும் ஏரன் கிளென் நியூயார்க் ஜெட்ஸுக்கும் தலைமைப் பயிற்சியாளர்களாகப் போய்விட்டார்கள், கதவு மூடிவிட்டது என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் நீங்கள் போவதற்கு அது காரணம் என்று நான் நம்பவில்லை. தோற்கப்போகிற அணியைப் பார்க்கும்போது நீங்கள் சாப்பிடுகிறீர்கள், பேசுகிறீர்கள், பழங்கதை சொல்கிறீர்கள். வெல்லக்கூடிய அணியைப் பார்க்கும்போது உங்களுக்கு மூச்சு முட்டுகிறது. இரண்டு ஜனவரிகள் உங்களை அப்படி வதைத்துவிட்டன. மூன்றாவதைத் தாங்க மனமில்லை என்று நேராகச் சொல்லியிருந்தால் நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். கேம்பலின் தலையில் போட்டுவிட்டுப் போகிறீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. நீங்கள் போனால் நான் யாரோடு பார்ப்பேன் என்பதும் இந்தக் கோபத்துக்குள் இருக்கிறது; அதை மறைக்கவில்லை.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். டிக்கெட்டுகளை விடாதீர்கள். கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். பணத்தை நான் கட்டுகிறேன். அக்காவிடம் பேசிவிட்டேன், அவளுக்குச் சம்மதம். நீங்கள் வரவேண்டும் என்று கட்டாயமில்லை. வராத வாரங்களில் சின்னவளை அழைத்துப் போவேன். அவள் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டாள், கால்களைப் பார்க்க யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. அன்று சான் ஃபிரான்சிஸ்கோ ஆட்டத்தின் நான்காம் கால் பகுதியில், 27-24 என்று பின்தங்கியிருந்தபோது, அவர்களுடைய 30ஆவது யார்டில் மூன்று யார்டு தேவைப்பட்ட அந்த இரண்டாவது நான்காம் டவுன். அங்கே உதைத்திருந்தால் சமநிலை. ஏழரை நிமிடம் மீதி இருந்தது. அதைப் பற்றி நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம் என்று இந்த ஓராண்டில் எனக்குத் தோன்றத் தொடங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறேன், அதைப் பற்றி வாதாடலாம். முதலாவதைப் பற்றி நான் இறங்கி வருவதாக இல்லை.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்